இடம் மாறும் பிள்ளைகளும் ஆறாம் வகுப்புக் கணக்கும்

மாற்றல் உத்தரவு வந்தவுடன் வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதற் பேச்சு வீட்டு வாடகையைப் பற்றியதாக இருப்பதில்லை. பிள்ளைகளின் படிப்பைப் பற்றியதாகவே இருக்கும். புதிய ஊரில் தமிழுக்கு இடம் உண்டா, இந்தியில் எவ்வளவு பின்தங்கிவிடுவான், அங்கே சரித்திரப் பாடம் யாருடைய சரித்திரமாக இருக்கும் என்றெல்லாம் பெற்றோர் கவலுவர். கணக்கைப் பற்றி மட்டும் கவலை கொள்வார் மிகச் சிலர். எண்ணுக்கு மொழி இல்லை, ஆதலால் கணக்குப் பிள்ளையோடு கூடவே வந்துவிடும் என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. இந்நம்பிக்கை எத்துணைத் தூரம் உண்மையானது என்பதை நம் நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் வரலாற்றைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்பது பயனுடையதாகும். பள்ளியிறுதி வகுப்பை நாம் இங்கே கருதவில்லை; உயர்நிலைப் பள்ளியின் வாயிற்படியாகிய 6, 7, 8-ஆம் வகுப்புகளையே கருதுகிறோம். ஒரு பிள்ளைக்குக் கணக்கு இனிக்குமா, கசக்குமா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

பழைய திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டுச் சிறுவன் எண்சுவடியை மனப்பாடம் செய்தான். ஒன்று, இரண்டு என்னும் முழு எண்களோடு அவன் கல்வி நின்றுவிடவில்லை. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, மா, காணி, முந்திரி வரை அவன் வாய்பாடாகச் சொல்ல வேண்டும். மா என்பது ஒன்றின் 20-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு. முந்திரி 320-இல் ஒரு பங்கு. இன்று ஆறாம் வகுப்பு மாணவன் தாளில் எழுதிப் பகுதியைச் சமப்படுத்திக் கூட்டும் பின்னங்களை அன்றைய சிறுவன் பெயர் சொல்லி அழைத்தான். நெல்லளவைக்குச் செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று வேறொரு வரிசை. இவ்வளவும் களத்துமேட்டுக்கும் கடைத்தெருவுக்கும் உரிய கணக்கு. அளக்கிறவனும் எழுதுகிறவனும் தன்னை ஏமாற்றாதவாறு உழவன் மகன் காத்துக்கொள்ளும் கருவி என்றே அதனைக் கூற வேண்டும்.

இதே காலத்தில் பிற பகுதிகளின் சிறுவர்களும் வாளாவிருக்கவில்லை. மராத்தி பேசும் நாட்டில் பாவ்கி, நிம்கி, பாவுண்கி, சவாய்கி, தீட்கி, அடீச்கி என்று கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை ஆகியவற்றுக்குத் தனித்தனி வாய்பாடுகள் இருந்தன. இந்தி வழங்கும் பகுதிகளில் சவையா, டியோடா, அடையா என்று அவை வேறு பெயர்களில் ஓதப்பெற்றன. வங்காளத்துச் சிறுவன் சுபங்கரர் பெயரால் வழங்கும் சூத்திரங்களைப் பாடினான். அவனுக்கு நான்கு சோழி ஒரு கண்டா, இருபது கண்டா ஒரு பண், பதினாறு பண் ஒரு காகன். இவற்றை ஒருங்கே நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். கணக்கறிவில் எந்தப் பகுதியும் மற்றொன்றுக்குத் தாழ்ந்திருக்கவில்லை. ஆனால் ஒரு பகுதியின் கணக்கு மற்றொன்றில் செல்லுபடியாகவும் இல்லை. தஞ்சாவூர்ச் சிறுவனைப் பூனாவுக்குக் கொண்டுபோயிருந்தால், அவன் அறிந்த பின்னங்கள் யாவும் ஊமையாகியிருக்கும்.

மணங்கு என்ற ஒரு சொல்லே இதற்குப் போதிய சான்று. சென்னையில் ஒரு மணங்கு 25 பவுண்டு நிறை. பம்பாயில் 28 பவுண்டு. வங்காளத்திலோ 40 சேர் கொண்ட மணங்கு 82 பவுண்டுக்குச் சற்றே அதிகம். மூன்று மணங்கு அரிசியின் விலை யாது என்று ஓர் ஆசிரியர் கேட்பாராயின், அவ்வினாவுக்கு விடை சொல்லுமுன் அவர் எந்த ஊர் ஆசிரியர் என்று கேட்க வேண்டியிருந்தது!

திண்ணைப் பள்ளியை விட்டு நீங்குமுன், அதன் அமைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒருவரே. பிள்ளைகளோ பல வயதினர். தேர்ந்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு ஓதுவித்தான். மணலில் விரலால் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூரிலிருந்த இராணுவ அனாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் 1796 வரை கண்காணித்த ஆண்டுரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் விடுதியில் கையாண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவிற்று. நம்மூர்த் திண்ணையிலிருந்து கப்பலேறிப் போன சரக்குகளில் இதுவும் ஒன்று என்பதை நம்மவர் பலர் அறியார்.

பின்னர் வந்தது ஆங்கிலப் பள்ளி. 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையும், அதனையடுத்து 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் நிறுவப்பெற்ற பல்கலைக் கழகங்களும் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு குறிக்கோளை விதித்தன. அக்குறிக்கோள் மெட்ரிக்குலேஷன் தேர்வு. உச்சியில் வைத்த அந்தத் தேர்வு அடிவரை பள்ளியை இழுத்துக் கட்டிற்று. எண் கணிதம், இயற்கணிதம், யூக்ளிடின் வடிவ கணிதம் என்று கணக்கு மூன்றாகப் பிளவுபட்டது. இளைய வகுப்புகளுக்குப் பெரும்பாலும் எண் கணிதமே பங்காகக் கிடைத்தது. நூல்கள் பல இங்கிலாந்திலிருந்து வந்தவை. டாடண்டர் எழுதிய நூல்களைப் பயின்றோர் நம் பாட்டனார் தலைமுறையில் பலர். ஆயினும் இந்நாட்டவர் இயற்றிய நூல் ஒன்றும் நாடெங்கும் உலாவியது. அலிகார் கல்லூரியில் கணிதம் கற்பித்த வங்காளியரான யாதவ சந்திர சக்கரவர்த்தியின் எண் கணித நூல், ஆங்கிலத்தில் எழுதப்பெற்றுப் பல இந்திய மொழிகளிலும் பெயர்க்கப்பெற்றது. மாநில எல்லையைத் தாண்டிச் சென்ற முதற் கணக்குப் புத்தகங்களுள் அதனை ஒன்றாகக் கருதலாம்.

வகுப்பின் பெயரே அக்காலத்தில் ஊருக்கு ஊர் வேறுபட்டது. சென்னை இராஜதானியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய சிறுவன் 'முதல் பாரம்' சேர்ந்தான். ஆறாம் பாரத்தில் பள்ளியிறுதித் தேர்வு எழுதினான். பழைய கல்கத்தாவிலோ தேர்வெழுதும் உச்சி வகுப்புக்கே முதல் வகுப்பு என்று பெயர். அங்கே எண் மேலிருந்து கீழே இறங்கிற்று. தம் மகன் முதல் பாரத்தில் தேறிவிட்டான் என்று ஒரு தந்தையார் அங்கே சென்று சொல்லியிருந்தால், கேட்டவர் கல்லூரிக்கு வழி காட்டியிருக்கக் கூடும்.

பள்ளி தன் இளைய பிள்ளைகளின் கணக்கை யாரிடம் ஒப்படைத்தது என்பது பாடப் புத்தகத்தை விடப் பெரிய கேள்வி என்பது நம் கருத்து. ஐந்தாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியரே எல்லாப் பாடமும் நடத்துவார். பிள்ளைக்கு எது வரும், எது வராது என்பதைத் தாய் போல அவர் அறிவார். முதல் பாரத்தில் மணியடித்தவுடன் ஒருவர் வருவார், அடுத்த மணியில் மற்றொருவர் வருவார். இது உயர்நிலைப் பள்ளியின் அடிப்படை ஏற்பாடு. ஆனால் நான்காம் பாரம் முதலே பட்டமும் பயிற்சியும் பெற்ற ஆசிரியர்கள். முதல் மூன்று பாரங்களுக்குப் பெரும்பாலும் செகண்டரி கிரேடு ஆசிரியர்கள். அவர்களுள் மிகச் சிறந்த கணக்காசிரியர்கள் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. எனினும் கணிதத்தையே தனித்துப் பயின்றவர் கையில் பிள்ளை சென்று சேர்வதற்குள் அவன் விருப்பு வெறுப்புகள் உறைந்துபோயிருந்தன.

கால அட்டவணையைப் பற்றிப் பேசும்போது கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் நினைவுக்கு வருகிறது. சுமார் 1,200 மாணவர்களையும் ஏறக்குறைய 35 ஆசிரியர்களையும் பொருத்தி அட்டவணை அமைக்கும் சிக்கலான வேலையில், அப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனின் உதவியை மூத்த கணக்காசிரியர் நாடினார் என்று அம்மாணவனின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவன் பெயர் சீனிவாச இராமானுஜன். ஒரு பள்ளியைக் கட்டி நடத்துவதே கணக்கு என்பதற்கு இதனினும் சுவையான எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

நாடு விடுதலை பெற்றபின் முதற் பெரிய மாறுதல் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை; கடைத்தெருவிலிருந்து வந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. அதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 பைசா. முதல் பாரத்துக் கணக்கில் பெரும்பகுதி இந்த ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாகவே கழிந்தது. ரூபாய், அணா, பைசாவை மூன்று பத்திகளாக எழுதி, பைசாவைக் கூட்டிப் 12-ஆல் வகுத்து, அணாவைக் கூட்டிப் 16-ஆல் வகுத்து மேலே கொண்டு செல்வர். வீசை, பலம் கணக்கும் இவ்வாறே. அடி, கெஜம், மைல் கணக்கும் இவ்வாறே. 1956-இல் இயற்றிய எடை, அளவைச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாகப் புகுந்தன. சில ஆண்டுகளுக்குள் கிலோகிராமும் மீட்டரும் லிட்டரும் எங்கும் நிலைபெற்றன. ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் பெரும்பகுதி பயனற்றுப் போயிற்று என்றால் அது மிகையாகாது.

இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்ற பிள்ளைகள்தாம் இரண்டு சுமைகளையும் சுமந்தனர். ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணை சொல்லிற்று. ஆறும் ஆறும் ஆறும் பதினெட்டுத்தானே, மூன்றணாவுக்கு எப்படிப் பத்தொன்பது வரும் என்று கேளாத பிள்ளை இருந்திருக்க முடியாது. ஓர் அணா உண்மையில் ஆறேகால் நயா பைசா. மூன்று அணா பதினெட்டே முக்கால். அதனைப் பத்தொன்பதாக நிரவினர். தோராயம் என்னும் பாடத்தைப் புளி வாங்கப் போன இடத்தில் ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. 1964 ஜூன் முதல் 'நயா' என்னும் அடைமொழி நீங்கி வெறும் பைசா நின்றது.

வெளி மாநிலத்தில் வாழ்வோர்க்கு இம்மாறுதல் செய்த உதவியை அளவிட்டுச் சொல்ல இயலாது. மணங்குகள் மூன்றும் மறைந்தன. சென்னைக் கிலோவும் கல்கத்தாக் கிலோவும் ஒன்றே. முதன்முறையாக, இந்நாட்டின் எந்த ஊர்க் கணக்குப் புத்தகத்திலும் உள்ள கடைத்தெருக் கணக்கை எந்த ஊர்ப் பிள்ளையும் போட இயன்றது. அதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. தமிழ்ப் பின்னங்களும் மராத்திப் பின்ன வாய்பாடுகளும் வங்காளத்துக் கண்டாவும் பதின்கூற்றின் முன் வலுவிழந்து ஒதுங்கின. மாவும் காணியும் முந்திரியும் இன்று கணிப்பொறி எழுத்துகளுக்குள் இடம் பெற்றுவிட்டன. 2019-இல் யூனிகோடு முறையில் அக்குறிகள் சேர்க்கப்பெற்றன. அவற்றை வாயால் சொல்லக் கூடிய பிள்ளைகள்தாம் அரியராயினர்.

அளவைகள் ஒன்றுபட்ட அதே காலத்தில், பள்ளியின் படிக்கட்டுகளை ஒழுங்குபடுத்தும் முயற்சியும் நடந்தது. சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, ஆரம்பக் கல்விக்குப் பின் மூன்றாண்டு நடுநிலைப் படிப்பையும் அதற்குமேல் நான்காண்டு உயர்நிலைப் படிப்பையும் பரிந்துரைத்தது. நடுநிலை வகுப்புகளில் கணிதம் எல்லார்க்கும் உரிய பாடம். அதற்கு மேலே மாணவர் பல பிரிவுகளாகப் பிரிந்து செல்லலாம். இப்பரிந்துரையை மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி ஏற்றும் மாற்றியும் கொண்டன. ஆதலால் பள்ளிப்படிப்பு ஓரிடத்தில் 10 ஆண்டு, ஓரிடத்தில் 11, மற்றோரிடத்தில் 12 என்றே நீடித்தது.

மத்திய அரசாங்க ஊழியர்களின் பிள்ளைகளே இந்தக் குழப்பத்தை முதலில் உணர்ந்தனர். ஒரு மாநிலத்தில் ஏழாம் வகுப்பில் நடக்கும் விகிதமும் வட்டியும் மற்றொன்றில் முந்திய ஆண்டே முடிந்திருக்கும். இன்னொன்றில் தொடங்கியே இராது. மொழியில் பின்தங்கிய பிள்ளையைச் சுற்றியிருப்போர் பேச்சே கைதூக்கி விடும். கணக்கில் ஒரு படி விடுபட்டால் அடுத்த படி இல்லை. பின்னம் அறியாதவனுக்கு விகிதம் வராது. விகிதம் வராதவனுக்குச் சதவீதமும் வட்டியும் இருட்டு. எண்ணுக்கு மொழி இல்லையாதலின் கவலை இல்லை என்ற நம் நம்பிக்கை இங்கேதான் முதலில் உடைகிறது. மாற்றலால் மிகுதியும் காயப்படக்கூடிய பாடம் கணக்கே.

இக்குறையைத் தீர்க்க இரண்டு ஏற்பாடுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தோன்றின. 1962-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் திருத்தியமைக்கப்பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் மத்தியப் பள்ளிகள் திட்டத்தை அரசாங்கம் ஏற்றது. மறு ஆண்டில், படைவீரர் குடும்பங்கள் மிகுந்த இடங்களிலிருந்த 20 படைப்பிரிவுப் பள்ளிகள் மத்தியப் பள்ளிகளாயின. இவையே கேந்திரிய வித்யாலயங்கள் என்று இன்று நாம் அறிந்தவை. நாடெங்கும் 1,200-க்கு மேற்பட்டு வளர்ந்துவிட்டன. இப்பள்ளிகளின் அமைப்பில் ஒரு செய்தி நம் கருத்துக்கு உரியது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒரே நிலையைச் சேர்ந்த பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியரே கணிதம் நடத்துகிறார். பத்தாம் வகுப்பில் எது வேண்டும் என்பதை அறிந்தவர் ஆறாம் வகுப்பில் நிற்கிறார். பொதுப் பாடத்திட்டத்தைப் பலர் புகழ்வர்; நாம் இந்த ஏற்பாட்டையே முதலிற் புகழ்வோம். ஆனால் எந்தப் பள்ளியாயினும், பொதுத்தேர்வு நெருங்கும்போது தலைசிறந்த ஆசிரியரைப் பத்தாம் வகுப்புக்கே அனுப்பிவிடும் ஆசை தலைமையாசிரியர்க்கு எழாமல் இராது. இளைய வகுப்பு அப்போது எஞ்சியதைப் பெறுகிறது.

டாக்டர் கோத்தாரி தலைமையில் அமைந்த கல்விக் குழு 1966-இல் தன் அறிக்கையை அளித்தது. முதற் பத்தாண்டுப் படிப்பில் விஞ்ஞானமும் கணிதமும் எல்லா மாணவர்க்கும் கட்டாயம் என்பது அதன் பரிந்துரை. 1968-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதனைத் தழுவியது. அதற்கு முன் சென்னையில் பள்ளியிறுதி மாணவன் பொதுக் கணிதத்தோடு நின்றுகொள்ளலாம். மேலும் கற்க விழைவோன் காம்பசிட் கணிதத்தை எடுத்துக்கொள்வான். நாட்டின் பல பகுதிகளிலும் கணக்கினின்று விலகிச் செல்லச் சந்துகள் இருந்தன. குறிப்பாகப் பெண் குழந்தைகள் அச்சந்துகளின் வழியே அனுப்பப்பட்டனர். கட்டாயம் வந்தபின் வாயில்கள் அவர்களுக்கும் திறந்தன. அதே கட்டாயம் அச்சத்தையும் எல்லாருக்கும் பொதுவாக்கியது. ஐம்பதாண்டு கழித்து, 2020-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் மத்திய வாரியம் அடிப்படைக் கணிதம், பொதுநிலைக் கணிதம் என இரு வினாத்தாள்களை வைத்ததைக் காணும்போது, பழைய காம்பசிட் ஏற்பாடு வேறு சட்டை அணிந்து திரும்பியது போலவே தோன்றுகிறது.

1961-இல் தோன்றிய தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 1975-இல் பத்தாண்டுப் பள்ளிக்குரிய பாடத்திட்ட வரைவை வெளியிட்டது. எண் கணிதம், இயற்கணிதம், வடிவ கணிதம் என்னும் பழைய பாகப்பிரிவினை கீழ் வகுப்புகளில் நீங்கியது. ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், மூன்றும் கலந்த ஒரே பாடம். எதிரெண்களும் எழுத்தால் குறிக்கப்படும் மாறிகளும் மேல் வகுப்புகளிலிருந்து இறங்கி வந்தன. 'நவீன கணிதம்' என்ற பெயரில் கணங்களும் வந்தன. பெற்றோர்க்கு அது புரியவில்லை, ஆசிரியர் பலருக்கும் புரியவில்லை. இன்று தேசியக் குழுவின் பாடத்தில் கணம் பதினொன்றாம் வகுப்பில்தான் முறையாகத் தொடங்குகிறது. வந்த வேகத்திலேயே அது மேலே திரும்பிவிட்டது எனலாம்.

2005-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட வரைவையொட்டிக் கணிதம் கற்பித்தலை ஆராய அமைந்த குழுவுக்குச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இரா. இராமானுஜம் தலைமை தாங்கினார். பிள்ளையின் எண்ணமே கணித முறையில் அமைய வேண்டும் என்பதை அக்குழு முதன்மையான நோக்கமாகக் கொண்டது. கணக்கைப் பற்றிய அச்சத்தையும் தோல்வியுணர்வையும் வெளிப்படையாக எடுத்துப் பேசியது. அதன்பின் வந்த ஆறாம் வகுப்பு நூல் தீக்குச்சிகளை அடுக்கி எழுத்துக் கணக்கைத் தொடங்கிற்று. ஓர் எழுத்துருவை அமைக்க இரண்டு குச்சி வேண்டுமாயின், பத்து எழுத்துருவுக்கு எத்தனை, எத்தனையோ எழுத்துருவுக்கு எத்தனை என்று பிள்ளையே விதியைக் காண வேண்டும். 2024-இல் அதன் இடத்தில் 'கணித பிரகாஷ்' என்னும் புதிய நூல் வந்தது. அது எண்களிலும் உருவங்களிலும் உள்ள ஒழுங்குகளை நோக்கச் செய்வதில் தொடங்குகிறது. இவ்வாறு பாடமும் வரிசையும் அளவையும் நாணயமும் ஒன்றுபட்டுவிட்டன. மத்தியப் பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைத் திருச்சியிலிருந்து குவாஹாத்திக்குக் கொண்டு சென்றாலும் அவன் அதே புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திறக்கிறான்.

மத்தியப் பள்ளியில் இடம் பெறும் பேறு எல்லார்க்கும் வாய்க்கவில்லை என்பதை மறத்தலாகாது. பம்பாயில் குடியேறிய நம் உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகள் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் பயின்றனர். அம்மாநிலத்தில் தொடக்கப்பள்ளி ஏழாம் வகுப்பு வரை செல்வது நெடுநாள் வழக்கம். ஆகவே அவர்களுக்கு மடை உடைந்த இடம் ஆறாம் வகுப்பு அன்று, எட்டாம் வகுப்பு. சமன்பாடு என்று கற்றதை வேறு மொழியில் வேறு பெயரால் கேட்க வேண்டிய நிலை, இயற்கணிதம் கடினமாகத் தொடங்கும் அந்த ஆண்டிலேயே அவர்களைச் சேர்ந்தது. பொதுப் பாடத்திட்டம் செய்த நன்மைகளைக் கணக்கிடும்போது இப்பிள்ளைகளையும் எதிர்ப்பக்கத்தில் எழுதவேண்டும்.

இனி மொழிக்கு வருவோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது தப்பாத இடம். இந்திக் கணிதச் சொற்களுள் பல நமக்கு அயலானவை அல்ல. பின்னம், கோணம், பரிதி ஆகியவை இரு மொழியிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பழகிய முகமே சில வேளை ஏமாற்றும். 'சம சங்க்யா' என்றால் இந்தியில் இரட்டைப்படை எண். தமிழ்ப் பிள்ளையின் காதில் சமம் என்பது ஈடாயிருத்தல். 'விஷம சங்க்யா' என்றால் ஒற்றைப்படை எண். நம் வீட்டில் விஷமம் என்பது வேறு. 'பாக்' என்பது அங்கே வகுத்தல். நமக்குப் பாகம் என்பது பங்கு. 'லகுத்தம சமாபவர்த்திய' என்னும் தொடரை வடமொழி அறியாத எந்தப் பிள்ளையும் மனப்பாடந்தான் செய்ய வேண்டும். மீச்சிறு பொது மடங்கு என்னும் போது பொதுவும் மடங்கும் தாமே பொருள் விளக்குகின்றன.

எண்ணுப் பெயர்கள் இதனினும் நுட்பமான இடர். தமிழில் இருபத்தொன்பது என்றால் இருபது முன்னே, ஒன்பது பின்னே; எழுதும் வரிசையும் அதுவே. இந்தியில் 21 என்பது 'இக்கீஸ்'. ஒன்று முன்னே வருகிறது, இருபது பின்னே வருகிறது. 29-ஐ 'உன்தீஸ்' என்பர். அதன் உட்பொருள் முப்பதுக்கு ஒன்று குறைவு. 39, 49, 59, 69, 79 யாவும் அடுத்த பத்தைக் கொண்டே பெயர் பெற, 89-உம் 99-உம் மட்டும் வழி மாறிவிடுகின்றன. 79 'உனாஸி', 89 'நவாஸி'. முதல் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணையும் தனிச் சொல்லாகவே கற்க வேண்டியிருக்கிறது. அம்மொழியில் பிறந்த பிள்ளைகளே இதில் இடறுவதுண்டு. தமிழிலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று ஒழுங்கு பிறழ்ந்த இடங்கள் உண்டு. ஆனால் அவை விரல் விட்டு எண்ணத்தக்கவை.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளை ஒரே நாளில் மூன்று விதமாக எண்ணுகிறான். பாட்டியோடு ஈரிரண்டு நாலு, தெருவில் 'தோ தூனி சார்', வகுப்பில் ஆங்கிலம். இதனை இழப்பென்று மட்டும் கொள்ள நாம் உடன்படோம்; பத்தை முன்வைத்தும் பின்வைத்தும் ஓர் எண்ணைச் சொல்லலாம் என்று பத்து வயதிலேயே அறிந்த பிள்ளைக்கு இடமதிப்பு என்பது வெறும் பாடவரி ஆகாது. வேகமாகப் போட வேண்டிய கணக்கை மட்டும் ஒருவன் தான் வாய்பாடு கற்ற மொழியிலேயே மனத்துள் போடுகிறான். தில்லியில் முப்பது ஆண்டு வாழ்ந்து, அலுவலகக் கோப்புகளை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதும் நம்மவர் பலர், சில்லறை எண்ணும்போது உதடு அசைவதைப் பார்த்தால் அது தமிழாக இருக்கக் காணலாம்.

ஆறாம் வகுப்புக் கணக்காசிரியர் ஓர் எண்ணை வாயால் சொல்லும்போதே கரும்பலகையில் எழுதியும் காட்டினால் இவ்விடர்களுள் பாதி குறையும். அதற்கு ஒரு குழுவும் வேண்டுவதில்லை, அறிக்கையும் வேண்டுவதில்லை. பல மொழிப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நெடுநாள் பழகிய ஆசிரியர்கள் இதனைத் தாமாகவே செய்து வருகின்றனர். புதிதாக மாற்றலாகி வந்த பிள்ளை 'உனாஸி' என்று கேட்டு 89 என எழுதிவிட்டால், அவர்கள் விடைக்குச் சுழி இடுமுன், போட்ட வழியைப் பார்க்கின்றனர்.